நாபோத்தின் தோட்டமும் காரணை நிலமும்

பத்துக் கட்டளைகளில் கடைசிக் கட்டளைக்கு மட்டும் மவுசே கிடையாது. கொலை, களவு, விபசாரம், பொய்ச்சாட்சி என்று மற்றவற்றுக்கெல்லாம் ஞாயிறு பள்ளியில் தொடங்கி கல்லூரி ரிட்ரீட் வரை விலாவாரியாக விளக்கம் உண்டு. பிறனுக்கு உரியதை இச்சிக்கக் கூடாது என்கிற பத்தாவது வந்ததும் பிரசங்கியாரின் குரல் மென்மையாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் புது கார் வாங்கினால் பொறாமைப்படாதீர்கள், உங்களுக்கும் ஆண்டவர் தருவார் என்று ஒரு வரி. அவ்வளவுதான். அடுத்த பத்து நிமிடத்தில் இரட்டிப்பான ஆசீர்வாதத்துக்கு ஜெபம் ஆரம்பம். ஆசைப்படாதே என்று ஆரம்பித்து, நன்றாக ஆசைப்படு என்று முடிகிற கூட்டம்!

பேராசை என்பது மனசுக்குள் மட்டும் நடக்கிற ஒரு அந்தரங்கக் கோளாறு என்றுதான் பெரும்பாலான மேடைகளில் சொல்லித் தரப்படுகிறது. வேதாகமம் அதோடு நிறுத்தவில்லை. அங்கே பேராசைக்கு முகவரி உண்டு, சர்வே நம்பர் உண்டு. அது திரும்பத் திரும்ப நிலத்தைப் பற்றியது. அதிலும் எளியவனின் நிலத்தைப் பற்றியது. செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க எபிரேய அகராதிகூடத் தேவையில்லை. காரணை என்ற ஊரின் பெயர் போதும்.

இச்சை என்ற சொல் செய்த குழப்பம்

முதலில் கட்டளையைப் பார்த்துவிடலாம். யாத்திராகமம் 20-ம் அதிகாரத்தில் ஒரு பட்டியல் வருகிறது. அயலானின் வீடு, மனைவி, வேலைக்காரர், மாடு, கழுதை, இன்னும் அவனுக்குள்ள எதுவும். உபாகமம் 5-ல் இதே கட்டளை மறுபடியும் வரும்போது பட்டியலில் ஒரு புதுச் சொல் சேருகிறது. நிலம்! கானானுக்குள் நுழைந்து ஆளுக்கொரு பங்கு நிலம் பெறப் போகிற ஜனங்களிடம் அது சொல்லப்படுகிறது. கையில் நிலம் வரப்போகும் நேரத்தில் கட்டளையிலும் நிலம் வந்துவிடுகிறது. இது தற்செயலாக இருக்குமா?

தமிழ் வாசகருக்கு இங்கே இன்னொரு சிக்கல். பழைய மொழிபெயர்ப்பில் வருகிற சொல் 'இச்சித்தல்'. இன்றைய தமிழில் இச்சை என்றாலே காம இச்சை என்றுதான் காதில் விழுகிறது. அதனால் வாலிபர் கூட்டங்களில் பத்தாவது கட்டளை ஏழாவதன் வாலாகிவிட்டது. கண்களை அடக்கு, செல்போனில் கண்டதைப் பார்க்காதே என்று முடித்துவிடுகிறார்கள். கத்தோலிக்கர்கள் இந்தக் கட்டளையை இரண்டாகப் பிரித்து, பிறன் மனைவியை ஒன்பதாவதாகவும் பிறன் உடைமையைப் பத்தாவதாகவும் எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கிலாவது உடைமைக்குத் தனி இடம் உண்டு. ஆனால் அதைப் பற்றிய பிரசங்கம் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும் என்பது அவரவர் மனசாட்சிக்கு வெளிச்சம்.

மூலச் சொல்லான 'ஹாமத்' வெறும் ஏக்கத்தைக் குறிப்பதோடு நிற்பதில்லை. யாத்திராகமம் 34-ல் ஒரு இடம் உண்டு. வருஷத்துக்கு மூன்று தடவை ஜனங்கள் ஆண்டவரின் சந்நிதிக்குப் போகும்போது, அவர்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து யாரும் அவர்கள் தேசத்தை இச்சிக்க மாட்டார்கள் என்று வாக்குக் கொடுக்கப்படுகிறது. வெறும் ஆசையாக இருந்தால் சொந்தக்காரன் ஊரில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆள் இல்லாத நேரம் பார்த்து அபகரிக்கிற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. மீகா 2-ம் அதிகாரம் இன்னும் தெளிவு. ராத்திரி படுக்கையில் கிடந்தபடி திட்டம் போடுகிறவர்கள், விடிந்ததும் தங்கள் கையில் அதிகாரம் இருப்பதால் அதைச் செய்து முடிக்கிறார்கள். எதைச் செய்கிறார்கள்? வயல்களை இச்சித்துப் பறிக்கிறார்கள். ஏசாயா 5-ல் வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போய், ஊரில் வேறு யாருக்கும் இடமில்லாமல் செய்கிறவர்களுக்குச் சாபம்.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்கு ஒரு உதாரணம். திருக்குறளில் அழுக்காறாமை 17-வது அதிகாரம், வெஃகாமை 18-வது அதிகாரம். பொறாமையும் பிறன் பொருளைக் கவர நினைப்பதும் வெவ்வேறு என்று வள்ளுவருக்குத் தெரிந்திருக்கிறது. பத்தாவது கட்டளை வெஃகாமையைப் பற்றியது. மேடைகளில் அதை அழுக்காறாமையாகச் சுருக்கிவிட்டார்கள்.

ஆகாப் கேட்டது நியாய விலைக்குத்தானே?

1 இராஜாக்கள் 21-ம் அதிகாரம். யெஸ்ரயேலில் அரண்மனையை ஒட்டி நாபோத் என்பவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம். ராஜா ஆகாபுக்கு அதில் காய்கறி போட ஆசை. அவன் எடுத்தவுடனே பிடுங்கவில்லை, கவனியுங்கள். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லை என்றால் விலையாகப் பணம் தருகிறேன் என்கிறான். இன்றைய ரியல் எஸ்டேட் புரோக்கர்களோடு ஒப்பிட்டால் ஆகாப் ரொம்ப நல்லவன்! நாபோத் மறுக்கிறான். முன்னோர் வழியில் வந்த நிலத்தைக் கொடுக்க மாட்டேன் என்கிறான்.

ராஜா கட்டிலில் படுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறான். மீகா சொன்ன அதே படுக்கை. அதன் பிறகு ராணி யேசபேல் செய்கிற வேலையைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். அவள் அடியாட்களை அனுப்பவில்லை. ராஜாவின் பெயரால் கடிதம் எழுதுகிறாள். முத்திரை போடுகிறாள். ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்புகிறாள். ஊரில் உபவாசம் அறிவிக்கப்படுகிறது. நாபோத்தை சபை நடுவே உட்கார வைத்து, தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று இரண்டு பொய்ச்சாட்சி சொல்ல வைத்து, ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொல்கிறார்கள். எல்லாம் முறைப்படி! கடிதம் உண்டு, முத்திரை உண்டு, சாட்சி உண்டு, தீர்ப்பு உண்டு, பக்திக்கு உபவாசமும் உண்டு. ராஜா எழுந்து போய் நிலத்தைச் சுவாதீனப்படுத்திக்கொள்கிறான். அங்கேதான் எலியா வந்து நிற்கிறான். கொலையும் செய்து சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்பதுதான் அவன் கொண்டுவந்த கேள்வி.

பத்தாவது கட்டளையில் ஆரம்பித்து, பொய்ச்சாட்சி, கொலை, களவு என்று எத்தனை கட்டளை உடைந்தது பாருங்கள். பணத்தின் மேல் உள்ள ஆசையை எல்லாத் தீமைக்கும் வேர் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம் சொல்வதும், பொருளாசையை விக்கிரக வழிபாடு என்றே கொலோசெயருக்கு எழுதிய கடிதம் சொல்வதும் சும்மா இல்லை.

1891, செங்கல்பட்டு

ஆகாப் கதை கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டு. இனி நம்மூர்.

செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் அந்த ஜில்லாவின் பறையர் மக்களின் நிலை பற்றி ஒரு அறிக்கை எழுதினார். உழுவதும் நடுவதும் அறுப்பதும் அந்த மக்கள். ஆனால் நிலம் அவர்களுக்கு இல்லை. குடியிருக்கிற மனைகூட பலருக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

தரிசாகக் கிடக்கும் சர்க்கார் நிலத்தைக் கேட்டு வாங்கலாமே என்று தோன்றும். அதற்குத் தர்காஸ்து மனு போட வேண்டும். மனு போட்டால் கிராமத்து மிராசுதாருக்கு முன்னுரிமை. வருஷக்கணக்காக யாரும் சீந்தாத தரிசு அது. சேரியிலிருந்து ஒருவன் கேட்டதும் திடீரென்று மிராசுதாருக்கு அது தேவைப்பட்டுவிடும். தனக்கு வேண்டும் என்பது இரண்டாம் பட்சம். அவனுக்குக் கிடைக்கக் கூடாது. அவனுக்கு நிலம் வந்துவிட்டால் நம் வயலுக்கு யார் வருவார்? பேராசைக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எந்த வியாக்கியானப் புத்தகத்திலும் கிடைக்காது.

அப்போது ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு செங்கல்பட்டிலும், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி திருவள்ளூரிலும் இருந்தார்கள். இந்த மக்களுக்கு நிலம் வேண்டும் என்று அரசுக்கு எழுதியும் பத்திரிகைகளில் எழுதியும் வந்தவர்களில் இந்த இருவரும் முக்கியமானவர்கள். ஆத்துமாவை மட்டும் ரட்சித்தால் போதும், தரிசு நிலத்தைப் பற்றி நமக்கென்ன என்று அவர்கள் இருந்துவிடவில்லை.

1892-ல் சென்னை அரசு ஆணை போட்டது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒப்படை செய்யும் வழி பிறந்தது. பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று இன்றும் சொல்லப்படுவது இதுதான். நிபந்தனைகள் கடுமையானவை. முதல் 10 வருஷம் விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, தானம் செய்யக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கு மட்டும்தான் கைமாற்றலாம். வேறு யாருக்குக் கைமாறினாலும் அது செல்லாது.

லேவியராகமம் 25-ஐப் படித்தவர்களுக்கு இது எங்கோ கேட்ட மாதிரி இருக்கும். நிலம் ஆண்டவருடையது, அதை நிரந்தரமாக விற்கக் கூடாது, விற்றாலும் 50-வது வருஷமான யூபிலியில் சொந்தக்காரனுக்குத் திரும்ப வேண்டும். ஆங்கிலேய வருவாய்த் துறை பைபிளைப் பார்த்துச் சட்டம் எழுதியது என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்களுக்கு அவர்களின் கணக்கு. ஆனால் இரண்டு சட்டமும் ஒரே விஷயத்தைப் புரிந்துகொண்டிருக்கின்றன. ஏழையிடம் நிலத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, அவன் நெருக்கடியில் இருக்கும்போது அதை வாங்க வருகிறவனிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும்.

1994, காரணை

காப்பாற்றியதா? இல்லை. ஒரு கல்யாணக் கடன், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, ஒரு கைநாட்டு, இப்படித்தான் நிலங்கள் போயின. விற்கவே முடியாத நிலத்துக்குக் கிரயப் பத்திரம் பதிவாகும், பட்டாவும் மாறும். 1980-களில் யு.டி.ஆர். பதிவேடுகள் எழுதப்பட்டபோது பல இடங்களில் டி.சி. என்ற குறிப்பே காணாமல் போனது என்பது நில உரிமை இயக்கங்களின் நீண்ட நாள் குற்றச்சாட்டு. யேசபேலின் முத்திரை நினைவுக்கு வருகிறதா?

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது காரணை. அங்கே 600 ஏக்கருக்கும் மேல் பஞ்சமி நிலம் கைமாறிப் போயிருக்கிறது என்று மக்கள் எழுந்தார்கள். அந்த இயக்கத்தில் இயேசு சபைக் குருக்கள் சிலரும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 1994 அக்டோபரில் மக்கள் அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து அக்டோபர் 10-ம் தேதி செங்கல்பட்டில் திரண்டவர்கள் மேல் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள்.

ஒருவர் பெயர் அப்போஸ்தலர்களை நினைவூட்டுகிறது. இன்னொருவர் பெயர் திருப்பதி மலையை. நிலத்துக்கான வரிசையில் இருவரும் ஒரே இடத்தில் நின்றார்கள், ஒரே நாளில் விழுந்தார்கள். அயலான் யார் என்று இயேசுவிடம் ஒரு வேதபண்டிதன் கேட்ட கேள்விக்குச் செங்கல்பட்டில் கிடைத்த பதில் இது. ஆனால் அக்டோபர் 10 வந்தால் அஞ்சலி செலுத்துவது பெரும்பாலும் தலித் அமைப்புகள்தான். எத்தனை ஆலயங்களில் அந்த இரண்டு பெயரும் வாசிக்கப்படுகின்றன?

வழக்கமான நான்கு சமாதானங்கள்

ஒன்று. பாவம் உள்ளத்தில் பிறக்கிறது, ஆகவே உள்ளத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பது. பேராசை உள்ளிருந்து வருகிறது என்று மாற்கு 7-ல் இயேசுவே சொல்கிறார், மறுப்பில்லை. ஆனால் விதை மண்ணுக்குள் இருக்கிறது என்பதற்காக முளைத்து நிற்கிற முள்மரத்தைப் பற்றிப் பேசக் கூடாதா?

இரண்டு. ஆபிரகாம் பணக்காரன் இல்லையா என்பது. பணக்காரன்தான். ஆனால் ஆதியாகமம் 13-ல் மேய்ச்சல் நிலத்துக்குத் தகராறு வந்தபோது, முதலில் நீ எடுத்துக்கொள் என்று லோத்துவிடம் விட்டுக்கொடுத்தவன் அவன். செழிப்பு உபதேசம் செய்கிறவர்கள் ஆபிரகாமின் ஆடுமாடுகளை எண்ணுகிறார்கள், இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மூன்று. நான் பணம் கொடுத்துத்தான் வாங்கினேன், பத்திரம் இருக்கிறது, என்ன பாவம் என்பது. ஆகாபும் பணம் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தான். விலை பேசிவிட்டதால் எல்லாமே விற்பனைப் பொருளாகிவிடாது என்பதுதான் நாபோத்தின் பதில். பஞ்சமி நில நிபந்தனைகளும் அதையேதான் சொல்கின்றன, சென்னை உயர்நீதிமன்றமும் அந்த நிபந்தனைகள் செல்லும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. விவரம் தெரியாமல் மூன்றாவது நான்காவது கையாக மனை வாங்கிய ஒரு குடும்பத்தின் நிலை வேறு, தெரிந்தே வாங்கிப் பிரித்து விற்றவரின் நிலை வேறு என்பது சரிதான். ஆனால் தெரிந்த பிறகு என்ன செய்கிறோம் என்ற கேள்வி இருவருக்கும் உண்டு.

நான்காவதுதான் சாமர்த்தியமானது. லூக்கா 12-ல் ஒருவன் வந்து, சொத்தைப் பங்கிட்டுத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்கிறான். இயேசு மறுக்கிறார். ஆகவே நிலத் தகராறில் சபை தலையிடக் கூடாது என்று முடித்துவிடுகிறார்கள். அடுத்த வசனத்தைப் படிக்க வேண்டாமா? எல்லா விதமான பொருளாசைக்கும் எச்சரிக்கையாக இருங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லி, நிலம் நன்றாக விளைந்த ஒரு பணக்காரனின் கதையை ஆரம்பிக்கிறார். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டவன் அன்று ராத்திரியே செத்துப்போகிறான். அந்தக் கதையில் அவன் 'நான்', 'எனது' என்று மட்டும்தான் பேசுகிறான். விளைய வைத்த கூலிக்காரர் யாரும் அவன் பேச்சில் இல்லை. யாக்கோபு 5-ல் அந்தக் கூலிக்காரர்கள் வருகிறார்கள். பிடித்து வைக்கப்பட்ட அவர்களின் கூலியே கூக்குரலிடுகிறது. பங்கு பிரிக்கும் வேலைக்குத்தான் இயேசு வரவில்லை என்றார். பேராசையைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

திருப்பிக் கொடுப்பது எப்படி?

லூக்கா 19-ல் சகேயு. இயேசு அவன் வீட்டுக்கு வந்ததும் அவன் கண்ணீர் விட்டதாகவோ சாட்சி சொன்னதாகவோ அங்கே இல்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியிருந்தால் நான்கு மடங்கு திருப்பித் தருகிறேன் என்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் இந்த வீட்டுக்கு ரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு. கணக்குத் தீர்த்த மனந்திரும்புதல்! இதைப் பாட்டாகப் பாடி, குட்டையான ஆள், அத்திமரம் என்று குழந்தைகளுக்குச் சொல்லி முடித்துவிடுகிறோம். நான்கு மடங்கைப் பெரியவர்களுக்கு யார் சொல்வது?

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் போனால் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே மனைப் பிரிவுகள், ரிசார்ட்டுகள், பண்ணை வீடுகள். அவை எல்லாமே பஞ்சமி நிலம் என்று யாரும் சொல்லவில்லை. எது எது என்று கேட்பதற்கு வழி இருக்கிறது என்பதுதான் விஷயம். மனை வாங்கப் போகிற விசுவாசி, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஜெபக்குறிப்பு எழுதிப் போடுவதோடு, மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பழைய 'அ' பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கட்டும். டி.சி. என்று இருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகட்டும். மலிவாகக் கிடைப்பதை ஆசீர்வாதம் என்று சாட்சி சொல்கிற பழக்கம் முதலில் ஒழியட்டும்.

சபைகளுக்கும் இதே சோதனை உண்டு. கட்டட நிதி தருகிறவர் எப்படிச் சம்பாதித்தார் என்று எந்தக் கமிட்டி கேட்கிறது? யூதாஸ் வீசி எறிந்த முப்பது வெள்ளிக்காசைப் பிரதான ஆசாரியர்களே காணிக்கைப் பெட்டியில் சேர்க்கக் கூசினார்கள் என்கிறது மத்தேயு 27. அது இரத்தக் கிரயம் என்று அவர்களுக்கே உறுத்தியது. (அதைக் கொண்டும் அவர்கள் ஒரு நிலத்தைத்தான் வாங்கினார்கள்!) அந்த அளவு கூச்சமாவது இன்றைய பெட்டிகளுக்கு வேண்டாமா?

செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிற ஆலயங்கள் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. இதற்கு அரசாணை வேண்டாம், கமிட்டி வேண்டாம், செலவும் இல்லை. அக்டோபர் 10-க்கு அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை 1 இராஜாக்கள் 21-ஐ முழுவதும் வாசியுங்கள். வாசித்து முடித்ததும் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பெயரையும் சொல்லுங்கள். பிரசங்கம்கூட வேண்டாம். சபையில் யார் யார் நெளிகிறார்கள் என்று பாருங்கள், அன்றைக்குத்தான் பத்தாவது கட்டளை அங்கே முதல் தடவையாக வாசிக்கப்பட்டது என்று அர்த்தம்.